பெரிய அம்ப் வேண்டாம் தம்பி, இருக்கிறதை முதலில் ரியூன் பண்ணுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உங்களிடம் இருப்பது ஒரு சுசூகி வகன் ஆர். யாழ் நகரில் ஒரு கடையில் அன்ட்ரொயிட் பிளேயர், முன் கதவுகளுக்கு ஆறரை இஞ்சி ஸ்பீக்கர், அவற்றுக்கு ஒரு சின்ன அம்ப் (அம்பிளிஃபயர்), பின்னுக்குப் பெட்டியோடு, பேஸ் என்கிற கீழ்ச் சத்தத்துக்காக ஒரு 12 இஞ்சி வூஃபர், அதற்கு "1500 வாற்" என்று எழுதிய மோனோ அம்ப் எல்லாம் பூட்டியிருக்கிறீர்கள். பாட்டுப் போட்டால் பின்னுக்கு மொங் மொங் என்று ஒரே சத்தம், பாடுகிறவரின் சொல் விளங்கவில்லை. வால்யூம் 30ஐத் தாண்டினால் காதைக் குத்துகிறது. இரவில் பேஸ் விழும்போது ஹெட்லைற் மங்குகிறது. கடைக்காரர் அம்ப் காணாது, பெரிதாகப் போடவேண்டும் என்கிறார். போடலாமா என்பது கேள்வி.

போடவேண்டாம். நீங்கள் சொன்ன நாலு குறையும் சாமான் காணாமல் வருகிறவை இல்லை. மூன்று, செற்றிங் பிழையால் வருகிறவை. ஹெட்லைற் மங்குவது வயரிங்கால் வருவது, பெரிய அம்ப் போட்டால் அது இன்னும் மோசமாகும். ஒரு மல்ரிமீற்றரும் ஒரு ஆறுதலான ஞாயிறு காலையும் இருந்தால் நீங்களே சரிக்கட்டலாம்.

முதலில் அந்த 1500 வாற் கதையைப் பார்ப்போம். அம்பின் பெட்டியில் இருக்கிற எண்ணை விடுங்கள், பக்கத்தில் குத்தியிருக்கிற பியூஸைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரேயொரு 30 அம்பியர் பியூஸ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது வண்டியில் ஏறக்குறைய 14 வோல்ற். 30ஐ 14ஆல் பெருக்கினால் 420 வாற். அம்ப் உள்ளே இழுக்கக்கூடியதே அவ்வளவுதான். கிளாஸ் டி (மின்னை அதிகம் வீணாக்காத வகை) அம்ப் அதில் 80 வீதத்தை வூஃபருக்குக் கொடுக்கும் என்று வைத்தால் 336 வாற். ஆக, உங்கள் அம்ப் நேர்மையான 300 வாற் அம்ப். அது குறையே இல்லை. உங்கள் வூஃபரின் ஆர்எம்எஸ் அளவும் (தொடர்ந்து தாங்கக்கூடிய வாற்) 300 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் நல்ல சோடி. ஒரு வகன் ஆரின் சின்ன அறைக்குள் 300 வாற் என்பது தாராளம்.

ரியூன் பண்ண முதல் மின்சாரம் சரியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் செய்கிற வேலை எல்லாம் வீண். 300 வாற் முழுதாகப் போகும்போது அம்ப் 27 அம்பியர் அளவு இழுக்கும். பொனற்றுக்குள் இருக்கிற பற்றரியிலிருந்து பின்னுக்கு ஐந்து மீற்றர் வயர் என்று வையுங்கள். உண்மையான செம்பில் 8 கேஜ் வயர் என்றால் வழியில் கால் வோல்ற்றைவிடச் சற்றுக் கூட இழக்கும், பரவாயில்லை. ஆனால் இங்கே கிற்றாக விற்கிற வயர்களில் கனக்க அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசினவை. அவை செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் மின்னைக் கடத்தும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அந்த வயரின் நுனிகள் சீக்கிரம் பூத்துப்போகும், பூத்த இடத்தில் சூடேறும். 10 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர், நுண்ணிழை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். காசு செலவழிக்கிறதென்றால் இதில்தான் முதலில் செலவழிக்கவேண்டும்.

அடுத்தது எர்த், அதாவது அம்பின் நெகட்டிவ் வயரைப் பொடியில் கட்டுவது. கனபேர் பொசிட்டிவ் வயரை மொத்தமாகப் போட்டுவிட்டு எர்த்தை ஏதோ ஒரு சீற் போல்ற்றில் சுற்றிவிடுவார்கள். பெயின்ற்றுக்கு மேல் இறுக்கிய எர்த் எர்த்தே இல்லை. அம்புக்குக் கிட்ட, அரை மீற்றருக்குள், பொடியின் தடித்த தகட்டில் பெயின்ற்றைச் சுரண்டி, வெறும் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, றிங் ரேர்மினலோடு இறுக்கி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள். பற்றரிப் பக்கம், பொசிட்டிவ் வயரில் ஒரு முழத்துக்குள் பியூஸ் கட்டாயம் இருக்கவேண்டும். அந்தப் பியூஸ் அம்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் வண்டி எரியாமல் காப்பாற்ற. உங்கள் வண்டி எனேசார்ஜ் (வேகம் குறையும்போது மின்னைச் சேமிக்கிற சுசூகி முறை) வகை என்றால் முன் சீற்றுக்குக் கீழே ஒரு லித்தியம் பற்றரியும் இருக்கும். அந்தப் பக்கம் அம்பைத் திருகவோ ஓட்டை போடவோ வேண்டாம்.

இதெல்லாம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை போதும். எஞ்சினை ஓடவிட்டு, பேஸ் உள்ள பாட்டைப் பலமாகப் போட்டு, பற்றரியில் ஒரு முறையும் அம்பின் ரேர்மினலில் ஒரு முறையும் வோல்ற் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரும் எர்த்தும்தான் குற்றவாளி. பற்றரியிலேயே 12.5க்குக் கீழே விழுந்தால் பற்றரியோ சார்ஜிங்கோ பலவீனம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சந்தியில் நிற்கும்போது தானாக எஞ்சின் நிற்கிற வண்டி என்றால், அந்த நேரம் எல்லாச் சுமையும் பற்றரியில்தான். பலமாகக் கேட்கப்போகிறீர்கள் என்றால் ஐடிலிங் ஸ்ரொப்பை நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

சரி, இனிக் கெயின். உங்கள் தொல்லையில் பாதி இதற்குள்தான் கிடக்கிறது, ஆகவே கொஞ்சம் மினக்கெடுவோம்.

கெயின் என்று எழுதிய திருகு வால்யூம் இல்லை. பிளேயரிலிருந்து வருகிற சிக்னல் எவ்வளவு வோல்ற் என்று அம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற திருகு அது. ஒரு பிளேயர் இரண்டு வோல்ற் தரும், இன்னொன்று நாலு தரும், மலிவானவை ஒன்றரைகூடத் தரா. கெயினைக் கூட்டினால் அம்பின் பலம் கூடாது. அதன் முழுப்பலம் வால்யூமின் முன்பாதியிலேயே வந்துவிடும், அதற்கு மேல் திருப்புகிறதெல்லாம் அலையின் தலையை வெட்டுகிறதுதான். தலை வெட்டுப்பட்ட அலை வூஃபரின் கொயிலை (உள்ளே இருக்கிற கம்பிச் சுருளை) அளவுக்கு மேல் சூடாக்கும். காருக்குள் பசை கருகுகிற மாதிரி ஒரு மணம் வந்தால் கொயில் சாகப்போகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள்.

பிளேயரிலிருந்து தொடங்குங்கள். ஈக்குவலைசரை நேர்கோட்டுக்குக் கொண்டு வாருங்கள், லவுட்னஸ், பேஸ் பூஸ்ற், சரவுண்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். போனால் பாட்டுப் போடுகிறீர்கள் என்றால் போனின் வால்யூம் முழுதாக இருக்கட்டும், போனில் இருக்கிற ஒலி எஃபெக்ற்றுகளும் நிற்கட்டும். பிறகு 50 ஹேர்ட்ஸ் ரோன் (ஒரே சுருதியில் நீளுகிற சத்தம்) ஒன்றை, 0 டெசிபெல், அதாவது முழு அளவில் பதிவானதாக இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு ஓடவிடுங்கள். அம்பில் குத்தியிருக்கிற ஆர்சிஏ வயரை (பிளேயரிலிருந்து சிக்னல் கொண்டுவருகிற வயர்) கழற்றி, அதன் நடு முனையிலும் வெளி வளையத்திலும் மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்துப் பிடியுங்கள். பிளேயர் வால்யூமை இரண்டிரண்டாகக் கூட்ட எண் ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் ஏற்றம் சட்டென்று குறைந்து கிட்டத்தட்ட நின்றுவிடும். அந்த இடத்துக்கு இரண்டு படி கீழேதான் உங்கள் பிளேயரின் சுத்தமான உச்சம். 40 வரை போகிற இப்படியான பிளேயர்களில் அது பெரும்பாலும் 30ஐ ஒட்டி நிற்கும். நீங்கள் 30க்கு மேல் குத்துகிறது என்று சொன்னதும் இதையே காட்டுகிறது. அதற்கு மேல் இனி எந்த நாளும் போகவேண்டாம்.

இப்போது அம்ப். வூஃபர் வயரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வளவு முழுக்க அதிரும், கொயிலும் சூடாகும். அம்பில் பேஸ் பூஸ்ற் பூச்சியம், லோ பாஸ் (கீழ்ச் சத்தத்தை மட்டும் விடுகிற ஃபில்ரர்) கடைசி வரை மேலே, ஸ்ரேறிங்குக்குக் கிட்டப் பூட்டிய பேஸ் நொப் இருந்தால் அது முழுதாக. கெயினை முழுதாக இறக்குங்கள். இனி ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வூஃபருக்கு 4 ஓம் கொயில் இரண்டு, அவற்றைச் சமாந்தரமாகக் கட்டியிருக்கிறார்கள், ஆகவே அம்ப் காண்பது 2 ஓம். 300 வாற்றை 2ஆல் பெருக்கினால் 600, அதன் வர்க்கமூலம் 24.5. அதுதான் நீங்கள் தேடுகிற வோல்ற். எஞ்சினை ஓடவிட்டு, பிளேயரை அந்தச் சுத்தமான உச்சத்தில் வைத்து, அதே ரோனைப் போட்டு, மீற்றரை அம்பின் ஸ்பீக்கர் ரேர்மினலில் பிடித்தபடி கெயினை மெதுவாகத் திருப்புங்கள். 24 தாண்டியதும் நிறுத்துங்கள். அம்பில் நம்பிக்கை இல்லாவிட்டால் 22இல் நிறுத்துங்கள், காதுக்கு வித்தியாசம் தெரியாது.

திருகு பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடக் கீழேயே நிற்கும். கடையில் அதை முக்கால்வாசிக்கு மேல் வைத்துத் தந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், கேட்கிறவர் கடை வாசலிலேயே அதிரவேண்டும் என்று விரும்புவதால்.

கதவு அம்புக்கும் இதே முறைதான், அதன் ஹை பாஸை (கீழ்ச் சத்தத்தை வெட்டுகிற ஃபில்ரர்) நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். 4 ஓம், ஒரு பக்கத்துக்கு 50 வாற் என்றால் 14 வோல்ற். பலர் இதற்கு 1000 ஹேர்ட்ஸ் ரோன் போடச் சொல்வார்கள். ஆனால் எங்களிடம் இருக்கிற மலிவான மஞ்சள் மீற்றர்கள் ஏசியில் 400 ஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரம் வரைதான் சரியாகக் காட்டும். ஆகவே 400 ஹேர்ட்ஸ் ரோனைப் போடுங்கள்.

பேஸ் பூஸ்றைப் பற்றியும் ஒரு சொல். 12 டெசிபெல் பூஸ்ற் என்றால் அந்த இடத்தில் 16 மடங்கு வாற் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். 300 வாற் அம்பிடம் 4800 வாற் கேட்டால் அது எங்கே போகும்? அந்தத் திருகைப் பூச்சியத்தில் விட்டு மறந்துவிடுங்கள்.

அடுத்தது சொல் விளங்காத பிரச்சினை. வூஃபரை மட்டும் ஓடவிட்டு ஒரு ஆண் குரல் பாட்டைப் போடுங்கள். பின்னுக்கிருந்து ஒரு சொல்லாவது விளங்கினால் லோ பாஸ் மெத்த மேலே நிற்கிறது. 80 ஹேர்ட்ஸுக்கு இறக்குங்கள். 80க்குக் கீழே வருகிற சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, அதனால்தான் வூஃபர் பின்னால் இருந்தாலும் பேஸ் முன்னால் கேட்கவைக்க முடிகிறது. கதவு ஸ்பீக்கர்களின் ஹை பாஸையும் 80இல் வையுங்கள். கதவுத் தகடு கிடுகிடுத்தால் 100. பிளேயரிலும் அம்பிலும் இரண்டிலும் ஃபில்ரர் இருக்கும், ஏதாவது ஒன்றில் மட்டும் போடுங்கள், இரண்டிலும் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் விழும். பெட்டியில் குழாய் இருந்தால் சப்சொனிக் ஃபில்ரரை (மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டுவது) அந்தக் குழாய் ரியூன் பண்ணிய அளவுக்குச் சற்றுக் கீழே போடவேண்டும். குழாய்ப் பெட்டியில் அதற்குக் கீழே கோனை (வூஃபரின் அசைகிற முகத்தை) பிடித்து வைக்க ஒன்றுமில்லை, துள்ளித் துள்ளியே கிழிந்துவிடும். மூடிய பெட்டிக்கு இது தேவையில்லை.

பிறகு ஃபேஸ், அதாவது ஸ்பீக்கர்களும் வூஃபரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் தள்ளுகின்றனவா என்பது. இதைக் கவனிக்காமல் விட்டுப் பேஸ் காணாது என்று வூஃபரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஒன்றரை வோல்ற் பற்றரியை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் வயரிலும் பொசிட்டிவுக்குப் பொசிட்டிவ் தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ளவேண்டும். உள்ளே இழுத்தால் வயர் மாறிக் கிடக்கிறது. எல்லாம் சரியென்றால் 80 ஹேர்ட்ஸ் ரோனைப் போட்டுச் சாரதி சீற்றில் இருங்கள். இன்னொருவர் பின்னாலிருந்து அம்பின் ஃபேஸ் சுவிச்சை 0, 180 என்று மாற்றட்டும். எதில் சத்தம் கூடக் கேட்கிறதோ அதுதான் சரி.

இனிக் காது. அமெரிக்க டெமோப் பாட்டுகளைப் போட்டு ரியூன் பண்ணச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தச் சத்தம் நேரில் எப்படி இருக்கும் என்று உங்கள் காதுக்குத் தெரியுமோ அதைப் போட்டுத்தான் ரியூன் பண்ணவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு அது தவில். கோவில் வீதியில் நாலு அடி தள்ளி நின்று கேட்ட சத்தம், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தெளிவான, அண்மையில் பதிவு செய்த தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) கூடு போட்ட விரல்கள் விழுகிறது பட்டுப் பட்டென்று தனித்தனியாக முன் கண்ணாடிப் பக்கம் கேட்கவேண்டும். தொப்பியில் (இடப்பக்கம்) கம்பு விழும்போது அந்த அடி நெஞ்சில் பட்டு உடனே நிற்கவேண்டும். அடி முன்னாலும் அதன் வால் பின்னாலும் இழுபட்டால் வூஃபர் கூடிவிட்டது, அல்லது லோ பாஸ் மேலே போய்விட்டது. வேகமான கோர்வையில் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் அதே நோய்தான். வூஃபர் லெவலை ஒரு மயிரிழை இறக்கி இறக்கி, தவில் ஒரே வாத்தியமாக ஒன்றுசேருகிற இடத்தில் நிறுத்துங்கள். வூஃபர் ஓடுகிறதே தெரியக்கூடாது, நிறுத்தினால் மட்டும் குறை தெரியவேண்டும்.

தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளுக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. அவர் 1975இல் காலமானவர், கிடைக்கிற பதிவுகள் பெரும்பாலும் மோனோ. மோனோப் பதிவு என்றால் இடமும் வலமும் ஒன்றே, ஆகவே சத்தம் டாஷ்போர்ட்டின் நட்ட நடுவில் நிற்கவேண்டும். பேஸ் பார்க்க அது உதவாது, ஆனால் நடு பிடிக்க அதைவிட நல்லது கிடையாது.

நடுவில் நிற்காவிட்டால் பிளேயரின் டிஎஸ்பியில் (ஒலியைத் திருத்துகிற பகுதி) ரைம் அலைன்மென்ற், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தாமதம் வைக்கிற செற்றிங், இருக்கும். எங்கள் வண்டிகளில் சாரதி வலப்பக்கம், வலது ஸ்பீக்கர் கிட்ட, இடது தூரம், வூஃபர் இன்னும் தூரம். ரேப்பால் தலை இருக்கிற இடத்திலிருந்து அளவுங்கள். உதாரணத்துக்கு வலது 90 சென்ரிமீற்றர், இடது 140, வூஃபர் 180 என்று வையுங்கள். சத்தம் ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் போகும். மிகத் தூரமான வூஃபருக்குத் தாமதம் பூச்சியம். இடதுக்கு 40ஐ 34ஆல் பிரிக்க 1.2, வலதுக்கு 90ஐ 34ஆல் பிரிக்க 2.6 மில்லிசெக்கன். இதைப் போட்டதும் பாடுகிறவர் உங்கள் வலது முழங்காலிலிருந்து எழும்பி டாஷ்போர்ட்டில் வந்து இருப்பார். பக்கத்து சீற்றில் இருப்பவருக்கு இது கொஞ்சம் கோணலாகக் கேட்கும், அதற்கு மருந்தில்லை.

மொங் என்ற அந்த ஒற்றைச் சத்தம் இதற்குப் பிறகும் மிஞ்சினால் காரின் அறைதான் ஏதோ ஒரு இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. 30, 40, 50, 63, 80, 100, 125 ஹேர்ட்ஸ் ரோன்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள், ஒன்று மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கும். ஈக்குவலைசரில் அதை மூன்று நாலு டெசிபெல் இறக்குங்கள். மற்றதைக் கூட்டிச் சமன் செய்ய நினைக்கவேண்டாம், கூட்டுகிற ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் இரட்டிப்பு வாற் வேண்டும். பெட்டியையும் ஒருக்கால் பாருங்கள். இங்கே தச்சு வேலைத்தலங்களில் அடிக்கிற பெட்டிகளில் மூலைகளில் காற்று ஒழுகும். ரோன் ஓடும்போது மூட்டுகளுக்குக் கிட்ட ஊதுவத்தியைக் கொண்டுபோங்கள், புகை நடுங்குகிற இடத்தில் ஓட்டை, சிலிக்கன் வையுங்கள். பெட்டியின் வாயைப் பின்கதவுப் பக்கம் திருப்பியும் கேட்டுப் பாருங்கள், இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் நன்றாக இருக்கும்.

அக்சிலேற்றர் மிதிக்க மிதிக்கக் கூடுகிற ங்ஙீ என்ற இரைச்சல் உங்களுக்கு இல்லை, இருக்கிறவர்களுக்காக: ஆர்சிஏ வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டாமல் வண்டியின் மறுபக்கத்தால் கொண்டுபோங்கள், எர்த்தைத் திருப்பிப் பாருங்கள். அம்பில் ஆர்சிஏயைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் குற்றம் பிளேயர்ப் பக்கம்.

எங்கள் ஊரில் பழைய கார்களான ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் இன்னும் ஓடுகின்றன, சிலர் அவற்றுக்கும் செற் போடக் கேட்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அந்த வண்டிகள் பெரும்பாலும் பொசிட்டிவ் எர்த், பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியில் கட்டியிருக்கும். இன்றைய அம்ப், பிளேயர் எல்லாம் நெகட்டிவ் எர்த். பார்க்காமல் பூட்டினால் அந்த நொடியே எரியும். பழைய டைனமோ 20 அம்பியர் சுற்றுவட்டாரம்தான் தரும், ஹெட்லைற்றுக்கே அதில் பாதி போய்விடும். முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவுக்குப் பதில் ஒல்ரர்னேற்றர் பூட்டி, பிறகு சின்னதாக ஒரு செற். அந்த அழகான வண்டிக்கு வூஃபரே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, நிறுத்தி வைத்து ரியூன் பண்ணியதை ஏ9 வீதியில் ஒருமுறை ஓடிக் கேளுங்கள். ரயர்ச் சத்தமும் காற்றும் கீழ்ச் சத்தத்தைத்தான் முதலில் விழுங்கும், 60, 70இல் போகும்போது பேஸ் சற்றுக் குறைவாகத் தெரியும். அதற்குக் கெயினைத் தொடவேண்டாம், பேஸ் நொப்பால் இரண்டு மூன்று டெசிபெல் கூட்டக்கூடிய இடம் விட்டுவையுங்கள், வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது இறக்குங்கள். எல்லாம் பிடித்துப்போனால் ஒவ்வொரு திருகின் நிலையிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து, போனில் படமும் எடுத்துவிடுங்கள். சேர்விஸுக்குக் கொடுக்கிற இடத்தில் யாராவது திருப்பிப் பார்ப்பார்கள்.

இவ்வளவும் செய்தும் ஏதோ காணாது என்று தோன்றினால், காசை அம்பில் போடாமல் முன் கதவுகளில் போடுங்கள். கதவுத் தகட்டில் பெரிய ஓட்டைகளை மூடி டாம்பிங் ஷீற் (தகட்டின் அதிர்வை அடக்குகிற ஷீற்) ஒட்டினால் அந்த ஆறரை இஞ்சி ஸ்பீக்கரே வேறு ஸ்பீக்கர் மாதிரி அடிக்கும். கண்ணாடி இறங்குகிற வழியையும் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் மட்டும் மூடிவிடாதீர்கள், மாரி மழைக்குக் கதவு உள்ளிருந்து உக்கத் தொடங்கும்.